பேட்டன்ட் சட்டத்தரணிக்கு ஏன் அறிவியல் தெரிந்திருக்க வேண்டும்?

"பாடசாலை மாணவனின் கண்டுபிடிப்புக்குச் சர்வதேசக் காப்புரிமை" என்ற மாதிரித் தலைப்புகளை நாம் அடிக்கடி பார்க்கிறோம். செய்தியைப் படித்துவிட்டு, வீட்டில் ஏதோ ஒரு கருவியைச் செய்து வைத்திருக்கும் இன்னொருவர் யோசிக்கத் தொடங்குகிறார். இதற்கு யாரிடம் போவது? பொறியியலாளரிடமா, சட்டத்தரணியிடமா? குடும்பத்துக்குக் காணி உறுதி முடித்துத் தந்த சட்டத்தரணியே போதுமா? வெளிநாட்டில் இருக்கும் உறவினர் "பேட்டன்ட் அட்டர்னி என்று தனியாக ஆட்கள் இருக்கிறார்கள்" என்கிறார். அவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்களா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் நல்ல கண்டுபிடிப்புகள் கைநழுவிப் போகின்றன. அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

முதலில் சொற்கள்

பேட்டன்டைத் தமிழில் சிலர் ஆக்கவுரிமை என்கிறார்கள், சிலர் காப்புரிமை என்கிறார்கள். தமிழ்நாட்டில் காப்புரிமை என்ற சொல் நூல், பாட்டு போன்றவற்றின் பதிப்புரிமைக்கும் வழங்குகிறது. இந்தக் கட்டுரையில் காப்புரிமை என்றால் பேட்டன்ட் மட்டும்தான்: ஒரு கண்டுபிடிப்பை அனுமதியில்லாமல் அடுத்தவர் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமை.

இந்தத் துறையில் மூன்று பேரை மாறி மாறிக் குழப்பிக்கொள்கிறோம்.

1. பரிசோதகர். இவர் அரசாங்கத்தின் பக்கம் இருப்பவர். வந்த விண்ணப்பம் உண்மையிலேயே புதியதா என்று பார்ப்பவர். ஐன்ஸ்டைன் 1902 முதல் 1909 வரை சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் பார்த்த வேலை இதுதான். அவர் காப்புரிமைச் சட்டத்தரணியாக இருந்தார் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், அது பிழை.

2. பேட்டன்ட் முகவர். கண்டுபிடித்தவரின் பக்கம் இருப்பவர். விண்ணப்பத்தை எழுதி, காப்புரிமை அலுவலகத்தோடு வாதாடுவார். பல நாடுகளில் இவர் சட்டத்தரணியாக இருக்கத் தேவையில்லை.

3. பேட்டன்ட் சட்டத்தரணி. அமெரிக்க வழக்கில், முகவருக்குரிய தகுதியோடு சட்டத்தரணித் தகுதியும் சேர்ந்து இருப்பவர். அலுவலகத்தில் மட்டுமில்லை, நீதிமன்றத்திலும் நிற்கலாம், ஒப்பந்தமும் எழுதலாம். பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கே பேட்டன்ட் அட்டர்னி என்பது தனித் தொழில், சட்டப் பட்டம் இல்லாமலே அந்தப் பெயரைப் பெறலாம்.

இன்னொன்று. சர்வதேசக் காப்புரிமை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. காப்புரிமை நாடு நாடாகத் தரப்படுவது. இலங்கையில் பெற்றால் இலங்கைக்குள் மட்டும் செல்லும். காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை என்ற ஏற்பாட்டில் 150க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, இலங்கை 1982இல் சேர்ந்தது. அதன் வழியாக ஒரே விண்ணப்பத்தைப் போட்டு, எந்தெந்த நாட்டுக்குள் போவது என்று முடிவெடுக்கப் பொதுவாக 30 மாதம் அவகாசம் பெறலாம். செய்தித் தலைப்புகளில் "சர்வதேசக் காப்புரிமை" என்று வருவது பல வேளைகளில் இந்த விண்ணப்பம்தான். விண்ணப்பம் போட்டது வேறு, காப்புரிமை கிடைத்தது வேறு.

சட்டம் கேட்கும் மூன்று விஷயங்கள்

இங்கே நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதற்கு முன் 1979ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. விண்ணப்பங்களை வாங்குவது கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகம். காப்புரிமை கிடைத்தால், ஆண்டுக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டிவந்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் நிற்கும்.

அதற்குக் கண்டுபிடிப்பு மூன்று சோதனையைத் தாண்ட வேண்டும்:

1. புதியதாக இருக்க வேண்டும். உலகில் எங்கேயும் ஏற்கெனவே வெளிப்பட்டிருக்கக் கூடாது.
2. புத்தாக்கப் படி இருக்க வேண்டும். அந்தத் துறை தெரிந்த சாதாரண ஒருவர் "இது வெளிப்படையாகத் தெரியும் விஷயம்தானே" என்று சொல்லிவிடக் கூடாது.
3. ஏதாவது ஒரு தொழிலில் செய்யவோ பயன்படுத்தவோ கூடியதாக இருக்க வேண்டும்.

அறிவியல் கோட்பாடு, கணித முறை, வியாபாரத் திட்டம், நோயாளிக்குச் செய்யும் சிகிச்சை முறை போன்றவற்றுக்குக் காப்புரிமை கிடையாது.

இந்த மூன்றில் இரண்டாவதைக் கவனியுங்கள். "அந்தத் துறை தெரிந்த சாதாரண ஒருவர்" என்று சட்டம் ஓர் ஆளைக் கற்பனை செய்து, அவர் கண்ணால் பார்க்கச் சொல்கிறது. அந்த ஆள் இரசாயனவியலாளராகவோ மின் பொறியியலாளராகவோ இருப்பார். அவருக்கு எது வெளிப்படை, எது வெளிப்படை இல்லை என்று வாதாட வேண்டியவருக்கு அவருடைய படிப்பில் ஓரளவாவது இருக்க வேண்டும். சட்டக் கேள்விக்குள்ளேயே அறிவியல் கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

ஒரு தேங்காய் திருவலையை வைத்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு கற்பனை. வெள்ளவத்தையில் மின்சாதனம் திருத்தும் ஒருவர், மோட்டாரில் ஓடும் தேங்காய் திருவலை ஒன்றைச் செய்கிறார். பூ முழுவதும் திருவி முடிந்து, சிரட்டையைத் தொட்டதும் அது தானாக நின்றுவிடும். சிரட்டைத் தூள் பூவில் கலக்காது. சட்டத்தரணியிடம் வந்து அவர் சொல்வது இவ்வளவுதான்: "சிரட்டையில பட்டா மோட்டார் இறுகும். இறுகினா நிப்பாட்டிடும்."

காப்புரிமை ஆவணத்தில் விவரணம், வரைபடம், சுருக்கம் எல்லாம் இருக்கும். ஆனால் உரிமையின் எல்லையை வகுப்பது உரிமைக்கோரல் என்ற பகுதி. முதலாவது கோரல் வழக்கமாக ஒரே ஒரு நீண்ட வாக்கியம். காணி உறுதியில் நான்கு எல்லை எழுதுவது போல, கண்டுபிடிப்புக்கு எல்லை எழுதுவது அந்த வாக்கியம்தான். வேலியைத் தாண்டி ஒருவர் வந்தாரா இல்லையா என்று பிறகு நீதிமன்றம் அதை வைத்துத்தான் பார்க்கும்.

அறிவியல் பக்கம் பழக்கமில்லாத ஒருவர், கருவியை மேசையில் வைத்துப் பார்த்தபடியே எழுதினால் இப்படி வரும்:

"12 வோல்ட் மோட்டார், அதன் தண்டில் பொருத்திய எட்டுப் பல் கொண்ட திருவலை, மின்னோட்டம் 3 அம்பியரைத் தாண்டும்போது மோட்டாரை நிறுத்தும் சுற்று ஆகியவற்றைக் கொண்ட தேங்காய் திருவும் கருவி."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் போட்டியாளர் ஒன்பது பல் வைத்து, 24 வோல்ட் மோட்டார் போட்டால் இந்த வேலிக்கு வெளியே நின்றுவிடுவார். மறுபக்கம், "சிரட்டையைத் தொட்டதும் நிற்கும் எந்தக் கருவியும் என்னுடையது" என்று எழுதினால் பரிசோதகர் ஏற்கமாட்டார். அது விருப்பம், வழி அதில் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, "இறுகும்" என்ற சொல்லைப் பிரிக்கத் தெரிய வேண்டும். சிரட்டை கடினமானது. பற்கள் அதில் மாட்டும்போது மோட்டார் தர வேண்டிய முறுக்குவிசை கூடுகிறது. முறுக்குவிசை கூடினால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் கூடும், வேகம் குறையும். அதிர்வும் சத்தமும் மாறும். ஆக, கண்டுபிடித்தவர் மின்னோட்டத்தை அளக்கிறார் என்றாலும், வேகத்தையோ அதிர்வையோ அளந்தும் இதையே செய்யலாம். பௌதிகம் படித்த ஒருவருக்கு இது உடனே தோன்றும். அவர் அந்த மாற்று வழிகளையும் விவரணத்தில் எழுதிவைத்து, கோரலில் "திருவலை எதிர்கொள்ளும் எதிர்ப்பின் மாற்றத்தை உணரும் உணரி" என்று விரிவாகப் போடுவார்.

இன்னும் முடியவில்லை. பரிசோதகர் கேட்கக்கூடியது: மின்சாரத் திருப்புளியில் ஆணி இறுகியதும் தானாக நிற்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறதே, அதைக் கொண்டுவந்து தேங்காய்க்கு வைத்தால் அதில் என்ன புத்தாக்கம்? நியாயமான கேள்வி. இந்த இடத்தில் பல விண்ணப்பங்கள் விழுந்துவிடும்.

அறிவியல் தெரிந்தவர் இதை முன்கூட்டியே யோசித்து, சுற்றுப்பலகையைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே சிறு தாமதம் ஒன்று வைத்திருப்பது தெரியும். "இது என்னத்துக்கு?" என்று கேட்டால் விடை வரும்: "அதுவா, பூ கட்டியா வந்தா பல் சும்மா ஒரு தரம் இறுகும், உடனே நின்றால் சரிவராது. கொஞ்சம் பொறுத்து, தொடர்ந்து இறுகினாத்தான் சிரட்டை." உண்மையான கண்டுபிடிப்பு அங்கேதான் இருக்கிறது. ஒரு கணம் வந்து போகும் எதிர்ப்பையும் தொடர்ந்து நிற்கும் எதிர்ப்பையும் பிரித்தறிவது. திருப்புளிக்கு அந்தச் சிக்கல் இல்லை, தேங்காய்க்குத்தான் உண்டு. செய்தவருக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது, கேட்காமல் அவர் சொல்லியிருக்கவும் மாட்டார்.

இனிச் சட்டத்தின் வேலை. சட்டத்தரணி கோரல்களை அடுக்கடுக்காக அமைப்பார். முதலாவது விரிந்தது. இரண்டாவது, "முதலாம் கோரலில் சொன்ன கருவி, அதில் உணரி மின்னோட்டத்தை அளப்பது" என்று சுருங்கும். மூன்றாவது தாமதத்தைச் சேர்க்கும். விரிந்தது விழுந்தாலும் சுருங்கியது நிற்கும். "உள்ளடக்கிய" என்று எழுதினால், அந்தப் பாகங்களோடு வேறு ஏதாவது சேர்த்துச் செய்பவரும் மாட்டுவார். "மட்டுமே கொண்ட" என்று எழுதினால் ஒரு மின்குமிழை மேலதிகமாகப் பொருத்தியே தப்பிவிடலாம். ஒரு சொல்தான், ஆனால் உரிமையின் அளவு அதில் மாறிப்போகிறது.

விண்ணப்பம் போட்ட பிறகு புதிய தொழில்நுட்ப விஷயத்தை உள்ளே சேர்க்க முடியாது. அந்தத் தாமதத்தை முதல் நாள் எழுதாமல் விட்டால் பின்னால் எந்தத் திறமையான சட்டத்தரணியாலும் அதை மீட்க முடியாது. எழுதிவிட்டு, எந்தக் கோரலுக்குள்ளும் வராமல் விட்டாலும் இழப்புத்தான், ஆவணம் வெளியானதும் யாரும் அதைப் படித்துச் செய்யலாம்.

மொழியும் இதில் ஒரு சிக்கல். கண்டுபிடித்தவர் தமிழில் சொல்கிறார், ஆவணங்கள் நடைமுறையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. "இறுக்கம்" என்ற ஒரே சொல் அழுத்தமாகலாம், உராய்வாகலாம், முறுக்குவிசையாகலாம். அறிவியல் தெரியாமல் மொழிபெயர்த்தால் வேறொரு கருவிக்குக் காப்புரிமை கேட்டதாகிவிடும்.

மஞ்சள் கற்றுத்தந்தது

காப்புரிமையைப் பெறுவதற்கு மட்டும் இந்த இரட்டைப் படிப்புத் தேவை என்று நினைக்க வேண்டாம். தவறாகக் கொடுத்ததை உடைப்பதற்கும் அதுதான் வேண்டும். 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் "எங்கள் பாட்டிக்கே தெரியும்" என்பது அந்த அலுவலகத்தில் செல்லாது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் எடுத்து வைத்துத்தான் வாதாடியது. 1997இல் அந்தக் காப்புரிமை இரத்தானது. பழைய எழுத்தில் சொல்லப்பட்ட பொருளும் காப்புரிமைக் கோரலில் உள்ள பொருளும் அறிவியல்படி ஒன்றுதான் என்று காட்டியதால் அது நடந்தது.

இலங்கைக்கும் இது பக்கத்து விஷயம்தான். சர்க்கரை நோய்க்கு இங்கே பயன்படும் கொத்தலஹிம்புட்டு என்ற கொடியை வைத்து ஜப்பானிலும் அமெரிக்காவிலும் காப்புரிமைகள் பெறப்பட்டிருக்கின்றன. நமது மூலிகை அறிவில் எது ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது, எது உண்மையிலேயே புதிய பிரித்தெடுப்பு முறை என்று பிரித்துச் சொல்ல இரசாயனமும் சட்டமும் சேர்ந்து தெரிந்தவர்கள் நமக்கு நிறைய வேண்டும்.

வெவ்வேறு நாடுகள் வைத்திருக்கும் வாசல்

அமெரிக்காவில் காப்புரிமை அலுவலகத்தின் முன் வேலை செய்ய, பௌதிகம், இரசாயனம், உயிரியல், பொறியியல், கணினி அறிவியல் போன்ற துறையில் பட்டமோ அதற்குச் சமமான படிப்போ காட்ட வேண்டும். பிறகு 100 பல்தேர்வு வினாக்கள் கொண்ட பரீட்சை. சட்டப் பட்டம் இல்லாமல் அதில் சித்தியடைந்தால் முகவர். மாநிலச் சட்டத்தரணித் தகுதியும் இருந்தால் பேட்டன்ட் அட்டர்னி.

பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் அடித்தளம். மேலே சில வருடம் அனுபவசாலி ஒருவரின் கீழ் பயிற்சி, பிறகு கடினமான தகுதிப் பரீட்சைகள்.

இந்தியாவில் முகவராக அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டமும் தகுதித் தேர்வும் வேண்டும். முன்பு வழக்கறிஞர்கள் தேர்வில்லாமலே முகவராகலாம் என்று இருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியை அடைத்தது. அந்தத் திருத்தம் செல்லாது என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவியலா சட்டமா என்ற இழுபறி எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. ஒரு விஷயம் கவனம்: முகவராக இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். இந்தியாவில் படித்துவிட்டு வரும் நமது பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இரண்டு படிப்பும் ஒரே ஆளில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் செஸ்டர் கார்ல்சன். பௌதிகப் பட்டதாரி. நியூயோர்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் சட்டம் படித்தார். காப்புரிமை ஆவணங்களுக்குப் பிரதி எடுக்கும் சிரமத்தைத் தினமும் பார்த்தவர், 1938 ஒக்டோபர் 22இல் உலர்முறையில் முதல் பிரதியை எடுத்துக் காட்டினார். 1942இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றி இன்றைக்கு இருக்கும் போட்டோகொப்பிக் கடைகளுக்கெல்லாம் மூலம் அதுதான். பெரிய நிறுவனங்கள் வருடக்கணக்காக அவரைத் திருப்பி அனுப்பியபோதும் கண்டுபிடிப்பு அவர் கையை விட்டுப் போகவில்லை. தனக்கு எந்த வாக்கியம் வேண்டும் என்று தெரிந்தவராக அவர் இருந்தார்.

கொழும்பில் நிலைமை

இங்கே சட்டத்தரணியாக வருவதற்கு உயர் நீதிமன்றத்தின் முன் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். அதற்கு முன் புதுக்கடையில் உள்ள சட்டக் கல்லூரியின் பரீட்சைகளும் பயிற்சிக் காலமும் உண்டு. அறிவியல் பட்டம் கேட்டு, காப்புரிமைக்கென்றே தனியாக வைக்கும் பரீட்சை கிடையாது. வெளிநாட்டு விண்ணப்பதாரர் இங்கே உள்ள பதிவுபெற்ற முகவர் வழியாகவே வர வேண்டும். உள்ளூர்க்காரர் தானாகவே விண்ணப்பிக்கலாம். வழக்கு என்று வந்தால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம்.

இதன் விளைவு என்னவென்றால், பெயர்ப்பலகையில் "காப்புரிமை" என்று இருப்பதை வைத்து உள்ளே இருப்பவருக்கு அறிவியல் தெரியும் என்று எண்ண முடியாது. சில அலுவலகங்களில் பொறியியலாளர்களை வைத்துக்கொண்டு நன்றாகச் செய்கிறார்கள். வர்த்தகச் சின்னத்தில் மிகத் திறமையானவர், இரசாயனச் சூத்திரத்தைக் கண்டால் தடுமாறவும் கூடும். அது அவருடைய குறை இல்லை, நமது கல்வி முறை அப்படி. சாதாரண தரம் முடிந்ததும் 16 வயதில் கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை என்று பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறோம். சட்டத்துக்கு எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம் என்றாலும், கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையிடம் "சட்டம் படி" என்று சொல்லும் வீடு அரிது. இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். அறிவியல் பட்டத்தோடு வேலை பார்த்துக்கொண்டே நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் படிக்க வழி இருக்கிறது. உலகப் புலமைச் சொத்து அமைப்பின் அகாதமி நடத்தும் அடிப்படைத் தொலைக்கல்விப் பாடநெறி இலவசம். நீண்ட பாதைதான், ஆனால் திறந்திருக்கிறது.

கண்டுபிடிப்போடு போகிறவர் கவனிக்க வேண்டியவை

1. யாருக்கும் காட்டுவதற்கு முன் போங்கள். கண்காட்சி, யூடியூப், முகநூல் எல்லாமே வெளிப்படுத்தல்தான். நீங்களே வெளிப்படுத்தியதற்கு இலங்கைச் சட்டம் ஒரு வருடச் சலுகை தருகிறது, அமெரிக்காவும் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு காணொளியால் ஒரு கண்டத்தையே இழக்கலாம். சட்டத்தரணியிடம் சொல்வது வெளிப்படுத்தல் ஆகாது, இரகசியம் காப்பது அவருடைய கடமை. நண்பரான பொறியியலாளரிடம் சொல்வதென்றால் முதலில் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்.

2. யாருடைய கண்டுபிடிப்பு என்பதைத் தெளிவாக்குங்கள். வேலை ஒப்பந்தத்தின்படி செய்த வேலையில் வந்த கண்டுபிடிப்பு, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும்.

3. எந்தத் துறையில் பட்டம் என்று சட்டத்தரணியிடமே கேளுங்கள். அது அவமரியாதை இல்லை. அறிவியல் பட்டம் இல்லையென்றால், தொழில்நுட்பப் பகுதியை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். மருந்துக் கண்டுபிடிப்புக்குக் கட்டடப் பொறியியலாளர் பொருந்தமாட்டார்.

4. கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் போன்ற தளங்களில் இலவசமாகத் தேடலாம். போவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை அதில் செலவழித்து, கிட்ட வரும் நான்கைந்து ஆவணங்களைக் கையோடு எடுத்துப் போங்கள்.

5. வரைவு வந்ததும் முதலாவது கோரலைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். திருவலைக்காரர் என்றால், அந்தச் சிறு தாமதம் எந்தக் கோரலில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அது அங்கே இல்லையென்றால் அன்று கையெழுத்துப் போட வேண்டாம்.